நம் பெயரில் ஒரு பேரேடு

சென்ற கல்வியாண்டில் ஒருநாள், பதினோராம் வகுப்பு வணிகவியல் பாடவேளையில், வங்கிகள் கடன் வழங்கும் முறையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

"மிஸ், எங்க அப்பா சொந்தமா டிரெய்லர் வாங்க லோன் கேட்டுப் போனார். சிபில் சரியில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. சிபில்னா யாரு மிஸ்?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவள் முகம் வாடிவிட்டது. ஆனால் அவள் கேட்டதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. நம் வீட்டு வாசற்படியை ஒருநாளும் மிதித்திராத ஒருவர், நம் தந்தையைப் பற்றி வங்கி மேலாளரிடம் ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறார் என்றால், 'அவர் யார்?' என்று கேட்பதுதானே இயல்பு? அன்று மணி அடித்துவிட்டதால் அரைகுறையாக விடை சொன்னேன். இந்த ஆண்டு மலரில் அதை முழுமையாகச் சொல்ல முற்படுகிறேன். மாணவிகளுக்காக எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, பெற்றோர்களும் இதைப் படித்தால் நல்லது என்று தோன்றியது.

கடன் என்பது நம் ஊருக்குப் புதிதன்று. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969-லும், உர ஆலை 1971-லும் இயங்கத் தொடங்கின. அதற்குப் பின் பிழைப்புத் தேடி எத்தனையோ ஊர்களிலிருந்து மக்கள் இங்கே வந்து குடியேறினர். மாதச் சம்பளம் உறுதியாக வரும் நிரந்தரத் தொழிலாளிக்குக் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம் இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன இருந்தது? மளிகைக் கடை நோட்டு இருந்தது. அடகுக் கடை இருந்தது. அவசரத்துக்குத் தண்டல்காரர் இருந்தார். அம்மாமார்களுக்கு ஏலச்சீட்டு இருந்தது.

அந்த மளிகைக் கடை நோட்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். மூலை மடங்கி, எண்ணெய்க் கறை படிந்த நீளமான நோட்டு. அண்ணாச்சி யாருக்குக் கடன் கொடுத்தார்? தமக்குத் தெரிந்தவர்களுக்கு. இன்னார் மனைவி, இன்ன ஆலையில் வேலை, ஏழாம் தேதி சம்பளம், போன தீபாவளிக்கு வாங்கியதைப் பொங்கலுக்குள் அடைத்துவிட்டார்: இவ்வளவும் அவர் மனத்தில் இருந்தது. ஒருவர் சொன்ன தேதியில் கொடுக்கவில்லை என்றால், அந்தச் செய்தி பக்கத்துக் கடைக்கும் போய்விடும். மாணவிகளே, கடன் அறிக்கையின் மிகப் பழைய வடிவம் இதுதான். நம் மொழியில் 'நாணயம்' என்னும் ஒரே சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. சங்கத்தின் பெயர்ப் பலகையில் அச்சொல்லை எழுதியவர் எந்தப் பொருளில் எழுதினாரோ, இரண்டும் பொருந்தத்தான் செய்கின்றன.

அறிமுகத்தை நம்பிக் கடன் தரும் இம்முறையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததில் நம் பகுதிக்கு ஒரு பங்குண்டு. பிரடெரிக் நிக்கல்சன் என்னும் ஆங்கில அதிகாரி, உழவர்களைக் கடுவட்டியிலிருந்து மீட்க வழி என்ன என்று ஐரோப்பிய நாடுகளில் ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரண்டு தொகுதிகளாகச் சென்னை அரசுக்கு அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் தொடங்கிய கிராமச் சங்கங்களே அவரைக் கவர்ந்தன. ஒருவரையொருவர் அறிந்த அயலார் கூடிச் சங்கம் அமைத்தால், யார் நாணயமானவர் என்று வெளியிலிருந்து எவரும் வந்து விசாரிக்க வேண்டியதில்லை அல்லவா? 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிய திரூர் கிராமம், நமக்கு அருகிலுள்ள திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஆனால் நகரம் பெருகும்போது இம்முறை தளர்ந்துவிடுகிறது. கடன் கொடுப்பவருக்கு வாங்குபவரைத் தெரியாது. லண்டன் வணிகர்கள் 1776-லேயே ஏமாற்றுக்காரர்களின் பெயர்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளச் சங்கம் வைத்தனர். நியூயார்க்கில் லூயிஸ் டப்பன் என்னும் வணிகர் 1841-ல் இதையே ஒரு தொழிலாக்கி, ஊர் ஊராக ஆள் வைத்து வணிகர்களைப் பற்றிய குறிப்புகளைத் திரட்டி விற்றார். 1899-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் தொடங்கிய ஒரு நிறுவனம் சாதாரணக் குடும்பங்களைப் பற்றியும் ஏடு தயாரித்தது. அதில் கடன் விவரம் மட்டுமா இருந்தது? கணவன் மனைவி சண்டை, குடிப்பழக்கம், அரசியல் ஈடுபாடு எல்லாம் இருந்தன. எழுதப்பட்டவருக்கோ அதைப் பார்க்கும் உரிமை கிடையாது. மக்களின் எதிர்ப்பு வலுத்ததன் பின்னரே 1970-ல் அமெரிக்காவில் சட்டம் வந்து, தன்னைப் பற்றிய ஏட்டைப் பார்க்கவும் பிழையைத் திருத்தக் கோரவும் உரிமை கிடைத்தது. அந்த அட்லாண்டா நிறுவனம்தான் பிற்காலத்தில் ஈக்விஃபாக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அது இன்று நம் நாட்டிலும் இயங்குகிறது.

இலங்கையில் இதற்கான பணியகத்துக்கு 1990-லேயே சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் கடன் தகவல் நிறுவனம் ஒன்று பதிவு செய்யப்பட்டு, 2004-ல் தனிமனிதர்களின் கடன் விவரங்களை வங்கிகளுக்குத் தரத் தொடங்கியது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் 'சிபில்'. அடுத்த ஆண்டே, அதாவது 2005-ல், கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியுடன் உள்ளன. எந்த நிறுவனம் பிரதி எடுத்தாலும் 'ஜெராக்ஸ்' என்று சொல்லும் நாம், நான்கையும் சேர்த்துச் 'சிபில்' என்கிறோம். ஆகவே, சிபில் யார் என்று கேட்ட மாணவிக்கு முதல் விடை: அது வங்கியும் அன்று, அரசு அலுவலகமும் அன்று. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தம் கணக்குகளிலிருந்து அனுப்பும் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஒரு நிறுவனம். அது தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை, அனுப்பியதை எழுதிக்கொள்கிறது. அனுப்பியவர் தவறாக அனுப்பினால் தவறாகவே எழுதிக்கொள்ளும்.

அந்த ஏட்டில் என்னதான் இருக்கிறது?

முதலில் நம் பெயர், பிறந்த தேதி, முகவரிகள், தொலைபேசி எண்கள், பான் எண். அடுத்து, நம் பெயரில் உள்ள ஒவ்வொரு கடனும்: எந்த நாளில் வாங்கியது, எவ்வளவு, இன்னும் எவ்வளவு பாக்கி என்னும் விவரங்கள். இதற்குக் கீழே சிறுசிறு கட்டங்கள். மாதத்துக்கு ஒரு கட்டமாக 36 மாதம் வரை. டியூ கட்டிய மாதத்தில் சுழியம் இருக்கும். கட்டாத மாதத்தில் எத்தனை நாள் தாமதம் என்பது எண்ணாக இருக்கும்: 30, 60, 90. தொண்ணூறு நாளைத் தாண்டினால் அது வாராக்கடன் வரிசையில் சேர்கிறது. கடைசியாக, கடன் கேட்டு நாம் எந்தெந்த நிறுவனங்களை அணுகினோம் என்னும் பட்டியல்.

இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். நம் சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது அதில் இராது. வைப்பு நிதி இராது. சாதி, மதம் இராது. தண்டல்காரரிடம் நூறு நாளும் தவறாமல் கட்டியதும், அடகுக் கடைச் சேட்டிடம் வட்டி குறையாமல் கொடுத்ததும், ஏலச்சீட்டில் ஒரு தவணைகூடத் தவறாததும் அதில் ஏறுவதில்லை. இது எனக்கு என்றுமே வருத்தம் தருகிற விஷயம். முப்பது ஆண்டுகள் ஒரு காசு பாக்கி வைக்காமல் வாழ்ந்த மூதாட்டி ஒருவர், இந்த ஏட்டின்படி 'வரலாறு இல்லாதவர்'. ஆனால் வங்கியிலோ பதிவு பெற்ற நிதி நிறுவனத்திலோ வைத்த நகைக்கடன் ஏட்டில் உண்டு.

இவ்விவரங்களிலிருந்து கணக்கிட்டு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் தருகிறார்கள். தவணைகளைத் தவறாமல் கட்டியதற்கே பெருமதிப்பு. கடன் அட்டையின் வரம்பு முழுவதையும் எப்போதும் பயன்படுத்துவது, குறுகிய காலத்தில் பல இடங்களில் கடன் கேட்பது ஆகியவை மதிப்பெண்ணைக் குறைக்கும். நம் அறிக்கையை நாமே எத்தனை முறை பார்த்தாலும் குறையாது. சிலர் பயந்துகொண்டு பார்ப்பதே இல்லை. அது வேண்டாத பயம்.

மதிப்பெண் குறைந்தால் என்ன ஆகும்? கடனே கிடைக்காமல் போகலாம். அல்லது கூடுதல் வட்டிக்குக் கிடைக்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவர் வீடு கட்ட ரூ. 20 லட்சம் வாங்குகின்றனர். தவணைக் காலம் 20 ஆண்டு. ஒருவருக்கு வட்டி நூற்றுக்கு எட்டரை, மற்றவருக்கு ஒன்பதரை. முதலாமவரின் மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 17,356. இரண்டாமவருக்கு ரூ. 18,643. மாதத்துக்கு வேறுபாடு ரூ. 1,287 தான். ஆனால் 240 மாதத்துக்குக் கணக்கிட்டால் மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது! பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் இதைத் தாங்களே போட்டுச் சரிபார்க்கலாம்.

ஒரு கைப்பேசியின் கதை

வீடு, டிரெய்லர் என்றெல்லாம் சொன்னால் அது பெரியவர்கள் விவகாரம் என்று மாணவிகள் நினைக்கக்கூடும். ஆகவே நம் பள்ளியில் படித்த ஒரு மாணவிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

2020-ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் கைப்பேசி வழியாக நடந்தன அல்லவா? அவள் அப்போது பதினோராம் வகுப்பு. தந்தை இங்குள்ள ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மகள் படிப்பு கெடக்கூடாது என்று ரூ. 12,000-க்கு ஒரு கைப்பேசியைத் தவணையில் வாங்கிக் கொடுத்தார். மாதம் ரூ. 1,200, பத்து மாதம். 'வட்டி இல்லை' என்று கடையில் சொன்னார்கள். அவர் கடன் வாங்கியதாகவே நினைக்கவில்லை. கைப்பேசி வாங்கியதாகத்தான் நினைத்தார். ஆனால் கடைக்காரருக்கு முழுப் பணத்தையும் கொடுத்தது ஒரு நிதி நிறுவனம். தந்தை கையொப்பமிட்டது கடன் பத்திரத்தில்.

எட்டு மாதம் பணம் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழிந்துகொண்டிருந்தது. அடுத்த ஏப்ரலில் ஆலையில் ஒப்பந்தக்காரர் மாறினார். ஆள் அதே ஆள், இயந்திரம் அதே இயந்திரம். முதலாளி மட்டும் வேறு. புதிய ஒப்பந்தக்காரர் வேறொரு வங்கியில் சம்பளக் கணக்குத் தொடங்கச் சொன்னார். நம் பகுதியில் இது அடிக்கடி நடப்பதுதான். பழைய கணக்கில் பணம் இல்லை. கடைசி இரண்டு தவணைகள் திரும்பிவிட்டன. இடையில் அவருடைய தொலைபேசி எண்ணும் மாறியிருந்தது. நினைவூட்டல்கள் எங்கோ போயின. பாக்கி ரூ. 2,400.

2022-ல் அவளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்களுக்கெல்லாம் எவ்வளவு மகிழ்ச்சி! கல்விக் கடனுக்கு விண்ணப்பித்தார்கள். நான்கு லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்பதில்லை. ஆனால் பெற்றோரில் ஒருவர் உடன்கடனாளியாகக் கையொப்பமிட வேண்டும். அப்போது அவருடைய அறிக்கையையும் பார்க்கிறார்கள். தந்தையின் அறிக்கையில் பதினைந்து மாதத் தாமதமும், அதன் கீழே 'தள்ளுபடி' என்னும் குறிப்பும் இருந்தன.

தந்தை முதலில் மகிழ்ந்தே போனார்: "தள்ளுபடி பண்ணிட்டாங்களாமே!" இந்த இடத்தில் மாணவிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வங்கிக் கணக்கியலில் 'தள்ளுபடி' என்றால், கடன் கொடுத்தவர் 'இது வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை' என்று தம் ஏட்டில் எழுதிக்கொள்வது. நமக்கு மன்னித்துவிட்டார் என்று பொருள் அன்று. கடன் அப்படியே நிற்கிறது. கடன் ஏட்டில் எழுதப்படும் சொற்களில் மிகக் கடுமையான சொல் அது. அரசு விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்கிறது என்று செய்தித்தாளில் படித்துப் பழகிய நமக்கு, ஒரே சொல் இரு பொருள் தருவது பெரிய குழப்பம்.

அபராதம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய் கட்டினார்கள். நிலுவை இல்லை என்னும் சான்றிதழைக் கேட்டு வாங்க மூன்று நடை. அது அறிக்கையில் ஏறும்வரை காத்திருப்பு. கல்லூரியோ கட்டணத்துக்குக் கெடு விதித்துவிட்டது. முதலாண்டுக் கட்டணத்துக்கு அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. கடன் அனுமதியானது மூன்று மாதம் கழித்துத்தான்.

மகளின் படிப்புத் தந்தையின் இரண்டு தவணைகளில் தொங்குவது நியாயமா? நியாயமில்லை என்பதே என் எண்ணம். கல்விக் கடன் மாணவரின் எதிர்கால வருமானத்தை நம்பித் தரப்படுவது. கடந்த காலக் கணக்கை அதற்கு அளவுகோலாக்கக் கூடாது. மாணவர் ஒருவரின் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் கூறியது. ஆனால் நீதிமன்றம் வரை நடக்க எத்தனை குடும்பங்களால் முடியும்?

கையொப்பம் என்னும் கடன்

ஜாமீன் பற்றித் தனியே எழுத வேண்டும். நம் பகுதியில் இதனால் நேர்ந்த மனக்கசப்புகள் பல. 'சும்மா ஒரு கையெழுத்துதான்' என்று நண்பர் கேட்கிறார், உறவினர் கேட்கிறார். மறுத்தால் உறவு முறியும் என்று போடுகிறோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. சாட்சிக் கையொப்பம் வேறு, ஜாமீன் கையொப்பம் வேறு. ஜாமீனிட்ட கடன் நம்முடைய கடன் அறிக்கையிலும் ஏறும்; அவர் தவறினால் அந்தத் தாமதம் நம் ஏட்டிலும் தெரியும்.

மகளிர் குழுக்களிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. குழுவாகக் கடன் வாங்கும்போது ஒருவர் பணத்தை மற்றொருவர் பயன்படுத்திக்கொள்வது நம் தெருக்களில் சாதாரணம். "நீ உன் பெயரில் எடுத்துக் கொடு அக்கா, நான் வாராவாரம் கட்டிவிடுகிறேன்" என்பார்கள். ஏட்டில் இருப்பது அக்காவின் பெயர்தானே? சிறுகடன் நிறுவனங்கள் தம் உறுப்பினர் ஒவ்வொருவரின் விவரத்தையும் தனித்தனியே அனுப்புகின்றன. சுயஉதவிக் குழு உறுப்பினர்களின் விவரங்களையும் வங்கிகள் திரட்டி அனுப்ப வேண்டும் என்று 2016-ல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. இதில் ஒரு நன்மையும் இருப்பதை மறுப்பதற்கில்லை. 2010-ல் ஆந்திரத்தில் ஒரே பெண்ணுக்கு நான்கைந்து நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று தெரியாமல் கடன் கொடுத்து, கட்ட முடியாமல் குடும்பங்கள் சீரழிந்தன. அதற்குப் பின்புதான் சிறுகடன்களும் ஏட்டில் ஏறத் தொடங்கின. ஒரு குடும்பம் கட்ட வேண்டிய மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி செய்தது. அந்தப் பாதியைக் கணக்கிட ஏடு வேண்டுமே!

இன்னொரு சொல் 'செட்டில்மெண்ட்'. ஐம்பதாயிரம் பாக்கிக்கு முப்பதாயிரம் கொடுத்தால் முடித்துக்கொள்ளலாம் என்று வசூலிப்பவர் சொல்வார். வேறு வழியே இல்லாதபோது அதை ஏற்பதில் தவறில்லை. ஆனால் ஏட்டில் அந்தக் கடன் 'முடிந்தது' என்று வராது. 'குறைத்துத் தீர்க்கப்பட்டது' என்று வரும். அடுத்து வரும் வங்கியாளர் அதை வேறுபடுத்திப் பார்ப்பார். இத்தகவல்களைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

கடனோடு இது நின்றுவிடுவதில்லை. வங்கி வேலைக்குத் தேர்வு எழுத விரும்பும் மாணவிகள் நம்மில் பலர் உண்டு. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் நியமனம், அவருடைய கடன் வரலாறு சரியில்லை என்பதால் ரத்து செய்யப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். வங்கி செய்தது சரியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்பளித்தது. பிறர் பணத்தைக் கையாளப் போகிறவர் தம் பணத்தை எவ்வாறு கையாண்டார் என்று பார்ப்பது தவறன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். கல்லூரிக் காலத்தில் கைப்பேசிச் செயலியில் விளையாட்டாக வாங்கும் மூவாயிரம் ரூபாய்க் கடனும் இந்த ஏட்டில் ஏறலாம் என்பதை மாணவிகள் மறக்க வேண்டாம். பதினெட்டு வயது நிறைந்த நாளிலிருந்து உங்கள் கையொப்பம் சட்டப்படி செல்லும். திருமணத்தால் கணவன் மனைவி ஏடுகள் ஒன்றாவதில்லை. அவரவர் ஏடு அவரவருக்கு. கூட்டாக வாங்கும் கடன் மட்டும் இருவரிலும் ஏறும்.

பார்க்கும் உரிமை

ஏட்டில் பிழை இருக்கக்கூடுமா? கூடும். என் அறிக்கையை முதன்முதலாகப் பார்த்தபோது, நான் வாங்காத ஓர் இருசக்கர வாகனக் கடன் அதில் இருந்தது! எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது. விசாரித்ததில், என் பெயரே உடைய வேறொரு பெண்மணியின் கடன் அது. நம் பகுதியில் மேரிகளுக்கும் லட்சுமிகளுக்கும் பஞ்சமா? போதாக்குறைக்குத் திருமணத்துக்கு முன் தந்தையின் முதலெழுத்து, பின்பு கணவரின் முதலெழுத்து. பான் அட்டையில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், வங்கிக் கணக்கில் மற்றொரு விதம். பெண்களுக்கு இந்தத் தொல்லை ஆண்களைவிட அதிகம். எல்லாவற்றிலும் பெயரும் முதலெழுத்தும் ஒரே மாதிரி இருக்கும்படி இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்று 2016-ல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டு, 2017 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் பெயர், பிறந்த தேதி, பான் எண், கைப்பேசி எண் ஆகியவற்றைக் கொடுத்துப் பெறலாம். 'ஆயிரம் ரூபாய் கொடுங்கள், சிபிலை ஏற்றித் தருகிறேன்' என்று சுவரில் விளம்பரம் ஒட்டுகிறவர்களிடம் போக வேண்டாம். உண்மையான தாமதத்தை எவராலும் அழிக்க முடியாது. பொய்யான பதிவை நாமே செலவின்றித் திருத்தலாம்.

பிழை கண்டால் அந்நிறுவனத்துக்கோ கடன் கொடுத்த வங்கிக்கோ எழுத்து மூலம் முறையிட வேண்டும். முப்பது நாளுக்குள் தீர்வு காணாவிட்டால், அதற்குமேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதி. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம்; கட்டணம் இல்லை. முன்பு வங்கிகள் மாதத்துக்கு ஒருமுறை விவரம் அனுப்பிவந்தன. 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அனுப்புமாறு ஆணையாயிற்று. ஆகவே கட்டி முடித்த கடன் முன்போல் நெடுங்காலம் பாக்கியாகத் தோன்றிக்கொண்டிருக்க நியாயமில்லை. என் விஷயத்தில், இரண்டு கடிதங்களும் பான் அட்டை நகலும் போதுமானவையாக இருந்தன. அந்த வண்டி இப்போது உரியவரின் ஏட்டுக்குப் போய்விட்டது என்று நம்புகிறேன்.

இதுவரை கடனே வாங்காதவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி கூறியிருப்பதை, 2025 ஆகஸ்டில் நிதியமைச்சகம் நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தது. கடன் தருவதற்குக் குறைந்தபட்ச மதிப்பெண் இவ்வளவு என்று ரிசர்வ் வங்கி எதையும் நிர்ணயிக்கவில்லை என்றும் அப்போது சொல்லப்பட்டது. வங்கிக்குப் போகும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது பயன்தரும்.

சரி, பின்வரிசை மாணவியின் தந்தைக்கு என்ன ஆயிற்று?

அவளிடம் அறிக்கை பெறும் முறையை எழுதிக் கொடுத்தனுப்பினேன். வீட்டில் அவளே உட்கார்ந்து பெற்றுத் தந்தையிடம் படித்துக் காட்டியிருக்கிறாள். அவர் பெயரில் சொந்தக் கடன் ஒன்றே ஒன்று; அதில் ஒரு கட்டத்திலும் தாமதம் இல்லை. ஆனால் ஆறாண்டுக்கு முன் தம்முடன் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஓட்டிய நண்பர் ஒருவரின் வேன் கடனுக்கு அவர் ஜாமீன் போட்டிருந்தார், போட்டதையே மறந்துவிட்டார். நண்பர் கடைசி ஏழு தவணைகளைக் கட்டவில்லை. இருவரும் பேசி, சண்டையிட்டு, சமாதானமாகி, பாதிப் பாதியாகக் கட்டி முடித்தார்கள் என்று அவள் வந்து சொன்னாள். நிலுவையின்மைச் சான்றிதழைத் தேதியும் முத்திரையும் பார்த்து வாங்கியவள் அவள்தான்.

அவர் இன்னும் வேறொருவருடைய டிரெய்லரைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். புதிய விண்ணப்பம் வங்கியில் இருக்கிறது.